வில்லுக்குப் பக்கத்தில் எதற்குக் கிதார்?

மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து ஒரு வில்லுப்பாட்டு ஆல்பத்துக்குப் பத்திரிகை விளம்பரம் செய்துகொண்டிருக்கிறேன். அரைப்பக்கம்தான். அதற்குள் என்னவெல்லாம் திணிக்கச் சொல்கிறார்கள்! ஸ்பான்சர் லோகோ, கியூஆர் கோடு, தயாரிப்பாளர் படம், அவர் மைத்துனர் படம். வில்லடித்துப் பாடும் புலவரின் படம் மட்டும் வாட்ஸ்அப்பில் நசுங்கி வருகிறது. அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவு வேண்டும் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

நல்ல படம் ஒன்று கைவசம் இருக்கிறது. கோயில் கொடை விழா இரவு. புலவரின் வீசுகோல் நாணில் இறங்கும் நொடி. வில்லில் கட்டிய மணிகள் அதிர்ந்து மங்கலாகத் தெரிகின்றன. பக்கத்தில் குடக்காரர் மட்டையை ஓங்கியிருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? "இளசுகளுக்குப் பிடிக்காது, ஒரு கிதார் வைங்க" என்கிறார்கள். ஆல்பத்தில் கிதாரே இல்லையே! குடக்காரரை வெட்டிவிடணுமாம். குடம் இல்லாமல் என்ன வில்லுப்பாட்டு?

அப்புறம், கேரளப் பதிப்புக்குக் கதகளி முகம் வேண்டுமாம். எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டினால் அங்கேயும் வில்லடிச்சான் பாட்டு என்ற பெயரில் இதே கலை இருக்கிறது. அவர்களுக்கு வில் தெரியாதா?

எல்லாம் முடித்து அனுப்பினால் எழுத்துரு உடைந்து, புலவர் பெயரிலேயே ஒரு துணைக்கால் (ா) காணாமல் அச்சாகி வருகிறது. ஒருமுறை படித்துப் பார்க்க அச்சிடும் இடத்தில் ஓர் ஆள் கூடவா இல்லை?