நாய்ப்பல்லும் ஓட்டைத் தோலும்

(பாரிஸ், 1411. நோத்ர் தாம் தேவாலயத்துக்கு எதிர்த் தெருவில் கையெழுத்துப் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஓவியர் ஒருவரின் கடை. அவர் மெல்லிய குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார். புத்தகம் எழுதுவதற்கான கன்றுத் தோல் விற்கும் வியாபாரி நுழைகிறார்.)

வியாபாரி: குழல் பழகுகிறீரா, ஓவியரே? என் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பழகக் கூடாதா?

ஓவியர்: உஷ்! மூச்சு விடாதீர், பொன் தகடு பறந்துவிடும். சுண்ணப் பூச்சு ஈரமானால்தான் தகடு ஒட்டும். அதற்குத்தான் ஊதுகிறேன்.

வியாபாரி: (முகம் சிவந்து, சற்று நேரம் கழித்து) இப்போது விடலாமா?

ஓவியர்: விடும். இனி நாய்ப்பல்லால் தேய்த்தால் மினுமினுத்துவிடும்.

வியாபாரி: நாய்ப்பல்லா! கன்னி மரியாளின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டத்திலா?

ஓவியர்: கம்பில் செருகிய பல்தான் ஐயா, நாய் கூடவே வராது. அது கிடக்கட்டும், நீர் கொடுத்த தோலைப் பாரும். எத்தனை ஓட்டை!

வியாபாரி: கன்று மேயும்போது பூச்சி கடித்திருக்கும். சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டினால் கடுகளவு கடி காசளவு ஆகிவிடும். பூச்சியைக் கேளும்.

ஓவியர்: எங்கள் எழுத்தர் ‘ஆமென்’ எழுத வந்தார். ஓட்டைக்கு இந்தப் பக்கம் ‘ஆ’, அந்தப் பக்கம் ‘மென்’. படிப்பவர் நடுவில் கொட்டாவி விட்டதுபோல இருக்கிறது.

வியாபாரி: செபம்தானே, கொட்டாவியும் வரும். இந்தப் புத்தகம் யாருக்கு?

ஓவியர்: துணிக்கடைக்காரருக்கு. மரியாளின் காலடியில் தம்மையும் வரையச் சொல்கிறார். வரைந்தேன். தொப்பையைக் குறை என்றார், குறைத்தேன். நேற்று வந்து, மரியாளைவிடத் தாம் சிறியவராகத் தெரிகிறாராம்!

வியாபாரி: நீலமாவது நல்ல நீலமா?

ஓவியர்: அதுதான் என்னைத் தின்கிறது. மார்க்கோ போலோ சொன்னாரே, கிழக்கே பதக்ஷான் மலை, அங்கே வெட்டும் நீல நிறக் கல். வெனிஸ் வழியாக வருகிறது. இடித்து, மெழுகும் பிசினும் சேர்த்து மாவாகப் பிசைந்து, சாம்பல் கரைத்த நீரில் பிழிந்தால்தான் நீலம் இறங்கும். முதல் பிழிவு மரியாளின் மேலங்கிக்கு. கடைசிப் பிழிவு வெளிறியது, வானத்துக்குப் போதும்.

வியாபாரி: பிசைவது நீரா?

ஓவியர்: என் மனைவி. மூன்று நாள் பிசைந்தாள். நான்காம் நாள் ரொட்டிக்கு மாவு பிசையச் சொன்னேன். உருண்டை என்னை நோக்கி வந்தது.

வியாபாரி: எல்லாம் சரி, என் இருபது தோலுக்குப் பணம்?

ஓவியர்: அவர் கொடுத்தால் நான் கொடுப்பேன். பெர்ரிப் பிரபுவிடம் வேலை பார்க்கும் ஓவியர்கள், லிம்பூர் சகோதரர்கள் மூவர் கதை தெரியுமா? புத்தாண்டுக்குப் பிரபுவுக்கு ஒரு புத்தகம் பரிசளித்தார்கள். வெள்ளை வெல்வெட் உறை, பொன் முலாம் பூசிய வெள்ளிக் கொக்கிகள், அவற்றில் பிரபுவின் சின்னம். திறக்கப் பார்த்தால் அது வெறும் மரக்கட்டை! உள்ளே ஒரு தாளும் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை.

வியாபாரி: தலை தப்பியதா?

ஓவியர்: தப்பியதாவது! சொத்துப் பட்டியலிலேயே ஏற்றிக்கொண்டார்களாம். துணிக்கடைக்காரருக்கும் ஒரு கட்டை கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். நீலமும் மிச்சம், பொன்னும் மிச்சம்.

வியாபாரி: தோலும் மிச்சமா? அப்புறம் நான் எதை விற்றுப் பிழைப்பது? கட்டைக்கு வெல்வெட் எதற்கு ஐயா, தோல் சுற்றும்! ஓட்டை விழுந்தது கடையில் நிறைய இருக்கிறது.