சங்கம் என்ன கிழிச்சதுன்னு கேக்குறவங்களுக்கு

எங்க வட்டார ஆசிரியர் சங்கத்தோட ஆண்டறிக்கையை வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தாங்க. ஆர்ப்பாட்டம், மறியல், மாவட்டச் செயற்குழு, தலைவர்களை வரவேற்ற படம், எல்லாம் வழக்கம்போல. கீழயே ஒரு தம்பி "இதனால என் சம்பளத்துல எத்தனை ரூபா ஏறுச்சு சார்?"னு கேட்டு வச்சிருந்தாப்ல. அதுக்கப்புறம் குரூப்பே கப்சிப்.

நியாயமான கேள்விதாங்க. ஆனா இந்த வருஷம் சங்கம் செஞ்ச உருப்படியான வேலை அறிக்கையிலயே இல்ல, அதான் எனக்கு கடுப்பு.

எஸ்ஆர், அதான் நம்ம சர்வீஸ் முழுக்க பதியுற பணிப்பதிவேடு, அதைப் பாத்தது யாரு? சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துல உக்காந்து எல்லாரோட பணிப்பதிவேட்டையும் பக்கம் பக்கமா பொறுப்பாளருங்க பாத்தாங்க. பைண்டிங் பிஞ்சி நூல் தொங்குற புக்கு, உள்ள ஈட்டிய விடுப்புக் கணக்கு மூணு வருஷமா கூட்டாம கிடக்கும், மகப்பேறு விடுப்பு உத்தரவு வாங்கியிருப்பாங்க ஆனா பதிவு இருக்காது, உயர்கல்விக்கு முன் அனுமதி வாங்கின நம்பர் இருக்காது. இதெல்லாம் ரிட்டயர் ஆகுறப்போதான் வந்து கழுத்தைப் பிடிக்கும். பத்து வருஷம் முடிச்சா வர வேண்டிய தேர்வு நிலை ஊதிய உயர்வு, உண்மைத்தன்மைச் சான்று வரலன்னு நின்னு போயிருந்தவங்க எத்தனையோ பேரு. பத்தாவது மார்க் ஷீட்டு உண்மையானதுதான்னு ஒரு லெட்டர், அவ்வளவுதான். அதுக்கு அந்த ஆபீஸ்ல கேட்டா அனுப்பிட்டோம்பாங்க, இந்த ஆபீஸ்ல கேட்டா வரலம்பாங்க. எங்க செயலாளர் பேர் லிஸ்ட்டை எடுத்துக்கிட்டு சென்னைக்கே போயி டேபிள் டேபிளா கேட்டு வாங்கிட்டு வந்தாரு, அதுல ஒரு டீச்சருக்கு அரியர் பில்லே போட்டாச்சு. தம்பி, அது சம்பளத்துல ஏறுன ரூபாதானே?

இன்னொண்ணு, நம்ம தொடக்கக் கல்வித் துறைல எல்லாத்தையும் ஏதாவது ஒரு தேதிதான் பிரிக்குது. 1.4.2003-க்கு முன்னாடி சேந்தா பழைய பென்ஷன், அன்னைல இருந்து சேந்தவங்களுக்கு நம்ம சம்பளத்துல பிடிச்சு சேக்குற சிபிஎஸ்னு ஆக்கிட்டாங்க. 31.5.2009 வரைக்கும் சேந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் அப்போ 8370, மறுநாள்ல இருந்து சேந்தவங்களுக்கு 5200-ன்னு வச்சாங்க. அதே படிப்பு, அதே வகுப்பு, பக்கத்து பக்கத்து ரூம்ல பாடம் எடுக்கிறோம், ஆரம்பத்துலயே 3170 ரூபா வித்தியாசம். நான் ரெண்டாவது லிஸ்ட்டுல மாட்டின ஆளு. சம வேலைக்கு சம ஊதியம்னு எங்க ஆளுங்க சென்னைல பட்டினி கிடந்தப்போ சீனியருங்க பலபேரு "பாவம் உங்க பேட்ச்சு"ன்னு சொன்னதோட சரி. அதே நாங்க 243 அரசாணை வந்து ப்ரமோஷனுக்குப் பாக்குற ஒன்றிய சீனியாரிட்டி மாநில சீனியாரிட்டி ஆச்சேன்னு சீனியருங்க குதிச்சப்போ "நமக்கு எங்க ப்ரமோஷன்"னு ஓரமா நின்னோம். டிட்டோஜாக்னு தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்க சேந்த கூட்டமைப்பு நடத்துன மறியலுக்கு வேன் பாதி காலியா போனதுக்கு ரெண்டு பக்கமும் காரணம்.

2025 செப்டம்பர் 1 உச்சநீதிமன்றத் தீர்ப்புதான் இதைக் கொஞ்சம் மாத்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் பாக்கி இருக்கறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணணும், இல்லன்னா வேலை இல்ல. அஞ்சு வருஷத்துக்குள்ள ரிட்டயர் ஆகுறவங்க அப்படியே ஓட்டிக்கலாம், ஆனா ப்ரமோஷனுக்கு டெட் வேணும். டெட் வேணும்னு 2010-ல வந்த விதிக்கு முன்னாடியே சேந்தவங்களுக்கும் இது உண்டுன்னா இருபது வருஷம் பாடம் நடத்துனவங்க நெலமை என்னங்க? அன்னைக்கு சாயங்காலம் போன் மேல போன். மேல்மட்டத்துல மறுசீராய்வு மனு அது இதுன்னு ஓடுச்சு, நல்லது, ஓடட்டும். எங்க வட்டாரத்துல சங்கம் பண்ணது என்னன்னா, டெட் எழுதி வேலைக்கு வந்த சின்னப் பசங்களைக் கூப்பிட்டு "வாங்க, எங்களுக்கு கிளாஸ் எடுங்க"ன்னாங்க. நாப்பத்தெட்டு வயசு ஹெச்எம் ஒருத்தர் கண்ணாடிய நெத்தில ஏத்தி வச்சுக்கிட்டு குழந்தைங்க அறிவு வளர்ச்சி பத்தி பியாஜே சொன்ன நிலைகளை ஒவ்வொண்ணா ஒப்பிக்கிறாரு, இருபத்தேழு வயசுப் பொண்ணு "சார், மூணாவதையும் நாலாவதையும் மாத்திச் சொல்றீங்க"ங்குது. அந்த ரூம்ல எவரு எந்தத் தேதில சேந்தாருன்னு யாரும் கேக்கல. பேட்ச்சு பேட்ச்சா பிரிஞ்சு கிடந்த எங்க வட்டாரத்துல இப்படி ஒரு ரூம்ல எல்லாரும் உக்காந்தத நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

சரி, புகழ்ந்தது போதும். தொடக்கப் பள்ளில பாதிக்கு மேல பொம்பளைங்க. நிர்வாகிகள் லிஸ்ட்டைப் பாருங்க, தலைவர், செயலாளர், பொருளாளர் மூணும் ஆம்பளைங்க, நமக்கு மகளிரணின்னு ஒரு மூலை. செயற்குழு எப்போன்னா வேலைநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போயி அடுப்பு பத்த வைக்கிறவ எப்படி வருவா? அப்புறம் "டீச்சருங்க யாரும் கூட்டத்துக்கு வர்றதில்ல"ன்னு மைக்ல பேசுறது. எஸ்ஆர் பாத்த சனிக்கிழமைங்களுக்கு நாங்க வந்தோமா இல்லையா? காலைல பத்து மணிக்கு வச்சா வருவோம்.

பொதுக்குழுல இதைத் தீர்மானமா கொண்டு வரப்போறேன், கூடவே பொருளாளர் பதவிக்கு நிக்கிறேன். தம்பி, உங்க பள்ளிக்கூடத்துல இன்னும் யாருமே இந்த வருஷ சந்தா கட்டல, ரசீது புக்கு என்கிட்டதான் இருக்கு, திங்கக்கிழமை இண்டர்வல்ல வர்றேன்.