கடனைக் கற்றுத்தரத் தங்கக் காசு எதற்கு?

கல்லூரி மாணவர்களுக்குக் கடனைப் பற்றி இணையத்தில் விளையாட்டாகச் சொல்லித்தருகிறோம் என்று பலர் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். இருபது வயதில் வட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் உரை கேட்கச் சொல்லியிருந்தால் நானே பின்வாசல் வழியாக நழுவியிருப்பேன். ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

அண்ணன் மகள் அப்படி ஒன்றை விளையாடிக் காட்டினாள். 'சிபில் ஸ்கோர் எதிலிருந்து எதுவரை?' கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மதிப்பெண்தான் அது. 300 முதல் 900 வரை என்று தொட்டதும் திரையில் தங்கக் காசு கொட்டியது. பணம் செலுத்தும் செயலிகளும் இதைத்தானே செய்கின்றன? சுரண்டினால் பரிசு, செலவழித்தால் புள்ளி. கடன் கொடுப்பவர் எந்த ஆசையைக் கிளறி ஆள் பிடிக்கிறாரோ, அதே ஆசையைக் கிளறித்தான் எச்சரிக்கையும் செய்ய வேண்டுமா?

விளையாட்டுக்கென்று தனி பலம் ஒன்று இருக்கிறது. மாதங்களை நொடிகளில் ஓட்டிக் காட்டலாம். கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி. மாத வட்டி 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 2,500 என்று வைத்துக்கொள்வோம். பையன் அதை ஒழுங்காகக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறான். வட்டி 1,750, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. போக, அசலில் குறைந்தது வெறும் 435 ரூபாய்! முழுத் தொகையைக் கட்டாததால் வட்டியில்லாத நாட்களும் போய்விடும். அடுத்து வாங்கும் பிரியாணிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆட்டத்தில் பன்னிரண்டு மாதம் இப்படித் தேய்ந்து பார்த்தவனுக்கு 'குறைந்தபட்சம்' என்ற பொத்தானைத் தொடக் கை கூசும். காசு மழை வேண்டாம், ஆற அமரத் தோற்க விடுங்கள்.

இன்னொன்று, இந்த ஆட்டங்களில் மனிதர்களே வருவதில்லை. நம் பிள்ளைகள் பலர் மாட்டிக்கொள்வது தங்கள் ஆசையால் மட்டுமா? "மச்சான், உன் பேர்ல ஒரு போன் எடுத்துக்கொடு, தவணையை நான் கட்டிடறேன்" என்பான் நண்பன். சித்தப்பா ஜாமீன் கையெழுத்துக் கேட்பார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் பழக்க வேண்டாமா? கட்டாமல் விட்டவர் நண்பனாக இருந்தாலும் சித்தப்பாவாக இருந்தாலும், பதிவாவது கையெழுத்துப் போட்டவர் கணக்கிலும்தான்.

கடைசிக் கட்டத்தை ஆட்டத்துக்கு வெளியே வையுங்கள். நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. மாணவர் தன் அறிக்கையை இறக்கி, தான் வாங்காத கடன் ஏதும் தன் பெயரில் நிற்கிறதா, அடைத்த கடன் அடைபட்டதாகக் காட்டுகிறதா என்று பார்க்கட்டும். தவறு இருந்தால் முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியே விதி செய்திருக்கிறது. அந்தப் புகாரை எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் ஆட்டம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. யாராவது செய்திருந்தால் இணைப்பைப் போடுங்கள், அண்ணன் மகளுக்கு அனுப்ப வேண்டும்.