பாலத்தில் நின்று ஊதியவர்

என் அக்கா மகன் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் ஆலயப் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறான். பத்தொன்பது வயது. போன வாரம் வீட்டுக்கு வந்தபோது கேட்டான்: "மாமா, ஜாஸ் கேட்க ஆசையாக இருக்கிறது. எங்கே தொடங்குவது? இணையத்தில் நூறு ஆல்பங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நான்கைக் கேட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை." நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த நண்பர் முந்திக்கொண்டார்: "அதெல்லாம் நட்சத்திர ஓட்டல் சங்கீதம் தம்பி. நமக்கும் அதற்கும் என்ன இருக்கிறது?"

வீட்டுக்கு வந்தவரிடம் வாதாட மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சொல் நண்டு முள்ளாகத் தைத்துவிட்டது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. எனக்கும் நேரம் இருக்கிறது, மருமகனுக்கும் நேரம் இருக்கிறது. அவனுக்கும் நண்பருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நமக்கும் அதற்கும் நடுவே கரைவலைக் கயிறு இருக்கிறது. என் தாத்தா அம்பா பாடுவார். வலையின் கயிறுகளைக் கரையில் நின்று இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடுவார்கள். அந்த ஏலேலோவுக்கு அகராதியில் பொருள் கிடையாது. அதன் பொருள் தோளில் இருந்தது. வலை கனத்தால் தாத்தா பாட்டை நீட்டுவார். ஆட்கள் சோர்ந்தால், இழுப்பவர்களில் ஒருவனுடைய கல்யாணப் பேச்சை எடுத்து, நின்ற நிலையிலேயே ஒரு வரி கட்டுவார். எழும் சிரிப்பில் நான்கு பாகம் கயிறு கரையேறிவிடும்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக் காட்டிலும் தண்டவாளம் போடும் இடத்திலும் இப்படித்தான் பாடினார்கள். ஒரு குரல் அழைக்கும், பல குரல் பதில் கொடுக்கும். அந்த உழைப்புப் பாட்டும் தேவாலயப் பாட்டும் ப்ளூஸ் என்ற சோகப் பாட்டும், நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஊர்வலம் போன பேண்டு வாத்தியமும் கலந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் உருவானது. ஓட்டலுக்கு அது பிறகு போயிருக்கலாம். இன்றைக்கும் ஒரு ஜாஸ் ஆல்பத்தில் சாக்ஸபோன் ஒரு வரி ஊதி நிறுத்த, பியானோ அதற்குப் பதில் சொல்வதைக் கேட்டால் எனக்குத் தாத்தாவின் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

மருமகனே, அதனால் பாடுகிறவர்களிடமிருந்து தொடங்கு. பட்டியல் போடுகிறவர்கள் செய்யும் தவறு, வாத்தியத்தில் தொடங்குவது. காது முதலில் மனிதக் குரலைத்தான் நம்பும்.

1960 பிப்ரவரியில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்ட் பெர்லினில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடினார். 'மேக் த நைஃப்' என்ற பாட்டின் நடுவே வரிகள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. வரி மறந்துவிட்டது என்பதையே ஒரு வரியாகக் கட்டிப் பாடினார். பிறகு பொருளில்லாத அசைகளால் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனார். இன்னொரு ஜாஸ் பாடகரான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் நடுவே பாடிக் காட்டினார். அந்தக் கச்சேரி அப்படியே ஆல்பமாக வந்தது, கிராமி விருதும் பெற்றது. இந்த அசைப்பாட்டுக்கு 'ஸ்கேட்' என்று பெயர். ஏலேலோ தெரிந்த காதுக்கு அதில் என்ன அந்நியம்?

எங்கள் வீட்டுக்கு இந்தக் குரல்களைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. கப்பலில் சமையல் வேலை பார்த்தார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சிங்கப்பூர் சோப்பு வாசனையோடு நான்கைந்து கேசட்டுகளும் பெட்டியில் இருக்கும். எல்லா ஃபிட்ஜெரால்டும் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய 1956ஆம் ஆண்டின் ஆல்பம் அப்படி வந்ததுதான். எல்லாவின் குரல் பனங்கற்கண்டு, ஆம்ஸ்ட்ராங்குடையது சிப்பிமேல் சிப்பி உரசுகிற சத்தம். பின்னால் ஆஸ்கார் பீட்டர்சனின் பியானோ, ஹெர்ப் எல்லிஸின் கிதார். யாரும் யாரையும் முந்துவதில்லை. ஆங்கிலம் தெரியாத என் அம்மா கருவாடு தரம் பிரித்துக்கொண்டே அதைக் கேட்பார். பாட்டு முடிந்தால் "திருப்பிப் போடு" என்பார்.

பாடகி பில்லி ஹாலிடேவை மட்டும் அம்மாவால் தாங்க முடியவில்லை. 1958இல் வந்த 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளை யாரைப் பறிகொடுத்தது?" என்று கேட்டார். பதிவான நேரத்தில் பில்லிக்கு 42 வயது. குரல் கிழிந்துபோயிருந்தது. எட்டிப் பிடிக்க முடியாத சுரங்களை அவர் எட்டவும் முயலவில்லை. தாளம் முன்னே போகும், சொல் சற்றுப் பின்னால் வரும். எழவு வீட்டில் கிழவி ஒருத்தி மாரடிப்பிலிருந்து விலகி நின்று தன் போக்கில் ஒப்பாரி சொல்வது போல. பட்டுப் போன்ற வயலின்களுக்கு நடுவே அந்தக் குரலை வைத்தது கொடுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வயலின்கள் இல்லையென்றால் கிழிசல் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. அடுத்த ஆண்டு ஜூலை 17 அன்று அவர் இறந்தார். இருபது வயதில் இந்த ஆல்பம் வேண்டாம் மருமகனே. கொஞ்ச காலம் போகட்டும்.

அடுத்து, குரலும் சாக்ஸபோனும் ஒரே மூச்சில் வரும் ஆல்பம் ஒன்று. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் பாடகர் ஜானி ஹார்ட்மனும் 1963 மார்ச்சில் நியூ ஜெர்சியில் ஒரே நாளில் பதிவு செய்தது. ஆறு பாட்டு, 31 நிமிடம். அப்போது கோல்ட்ரேன் நீண்ட, சீறிப் பாய்கிற வாசிப்புக்குப் பெயர் பெற்றவர். இங்கே அந்த வேகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, பாடுகிறவர் விட்ட இடத்தில் மெதுவாகத் தொடுகிறார். ஹார்ட்மன் சொல்லி முடித்த சொல்லை சாக்ஸபோன் வாங்கி, இன்னொரு முறை நினைத்துப் பார்க்கிறது.

இந்த ஆல்பத்தை ஒரு கடையில் கொடுத்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டு 31 நிமிடம். மறுபக்கத்தில் வேறொரு ஆல்பம். கடைசிப் பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்து 'டக்' என்று நின்றுவிடும். ஏன் சொல்லவில்லை என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, "ஒரு நிமிடம்தானே சார்" என்றார். பல ஆண்டுகள் அந்தப் பாட்டின் முடிவு தெரியாமலே வாழ்ந்தேன். ஒரு நாள் மகளின் கைப்பேசியில் முழுதாகக் கேட்டேன். அந்த ஒரு நிமிடம் ஓடி முடிந்தபோது என்னால் பேச முடியவில்லை. ஆல்பத்தைத் துண்டு துண்டாக, செயலி கலைத்துப் போடும் வரிசையில் கேட்கிறவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான். ஆறு பாட்டை ஒருவர் ஒரு வரிசையில் வைத்தார் என்றால் அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

பில்லியின் நண்பர் லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் மேதை, ஒரு பாட்டை வாசிக்க வேண்டுமானால் அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவந்தார். டெக்ஸ்டர் கோர்டன் என்ற இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் மேடையில் பாட்டின் வரிகளைச் சொல்லிவிட்டுத்தான் ஊதத் தொடங்குவார். நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நல்ல நாகஸ்வர வித்வான் கீர்த்தனை வாசித்தால் சாகித்தியம் காதில் விழும், சீவாளியில் சொல் ஒட்டியிருக்கும். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டியதற்கும், பிறகு ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து 2008இல் ஒரு ஆல்பமே தந்ததற்கும் இதுதான் அடிப்படை. கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தின் கடைசிப் பகுதியைக் கேட்டுப் பார். கடவுளை நோக்கித் தான் எழுதிய கவிதையை, ஒரு சொல்கூட வாயால் சொல்லாமல், அசை அசையாக சாக்ஸபோனில் ஓதுகிறார். கவிதை ஆல்பத்தின் உறையிலேயே அச்சாகியிருக்கிறது. நம் கோயிலில் திருப்பாடல் வாசிக்கக் கேட்டவனுக்கு அதில் புரியாதது எதுவும் இல்லை.

இனி பாலத்துக்கு வருகிறேன்.

சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1959இல் 28 வயதில் புகழின் உச்சியில் இருந்தார். அப்போது மேடையை விட்டு இறங்கினார். தன் வாசிப்பு தனக்குப் போதவில்லை என்பதே முக்கியக் காரணம். நியூயார்க்கில் அவர் குடியிருந்த இடத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று, அருகில் இருந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நடைபாதைக்கு ஏறிப்போய் நாள்தோறும் பல மணி நேரம் ஊதினார். வெயில், பனி, இரவு, பகல். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

இதை முதன்முதலாகப் படித்தபோது நான் நம்முடைய பாம்பன் சாலைப் பாலத்துக்குப் போய் நின்றேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே நின்று பேசிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் காதுக்குப் போவதற்குள் காற்று சொல்லைப் பறித்துக்கொண்டு போய்விடும். வில்லியம்ஸ்பர்க் பாலம் 1903இல் திறந்தது, நம் பழைய ரயில் பாலத்துக்கு 11 வயது மூத்தது. அதிலும் ரயில் ஓடுகிறது, கீழே படகு போகிறது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒருவர் இரண்டு ஆண்டுகள் ஊதினால் அவருடைய மூச்சு என்னவாகியிருக்கும்! நம் பழைய பாலத்தில் கப்பல் வரும்போது ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் தூக்குப் பாலத்தைத் திறந்ததைப் பார்த்தவன் நான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் மின்சாரத்தில் செங்குத்தாக எழும்புகிறது. எழும்புவது அழகுதான். ஆனால் ரோலின்ஸை நினைக்கும்போது அந்தக் கைகள்தான் கண்முன் வருகின்றன.

1961இன் இறுதியில் திரும்பி வந்தார். 1962இல் 'த பிரிட்ஜ்' ஆல்பம் வெளியானது. தலைகீழான புதுமையை எதிர்பார்த்த விமர்சகர்கள் சிலர், "இதற்கா இரண்டு ஆண்டு?" என்றார்கள். ஆமாம், இதற்குத்தான். பாலத்துக்குப் போனவர் வித்தை தேடிப் போகவில்லை. அந்த ஆல்பத்தில் பில்லியின் 'காட் பிளெஸ் த சைல்ட்' பாட்டை அவர் ஊதுவதைக் கேளுங்கள். தாயோடு பணத்துக்காக நடந்த சண்டையில் பிறந்த பாட்டு என்று பில்லியே எழுதியிருக்கிறார். ரோலின்ஸ் அதை அவசரமே இல்லாமல் ஊதுகிறார். அந்த அமைதி இரண்டு ஆண்டுக் காற்றில் கிடைத்தது.

மருமகனே, உன் கிதார் இங்கேதான் வருகிறது. அந்த ஆல்பத்தில் பியானோ இல்லை. அந்த இடத்தில் ஜிம் ஹாலின் கிதார். பியானோ இடத்தை நிரப்பிவிடும். ஹால் இரண்டு சுரம் தொட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார். ஆலயத்தில் நீ எல்லா வரிக்கும் அடித்துக்கொண்டே இருக்கிறாய் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் நீயும் கையை எடு.

வெஸ் மாண்ட்கோமரி பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிதார் என்று வாழ்ந்தவர். பிக் என்ற சிறு தகட்டால் வாசித்தால் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாகிறது என்று கட்டைவிரலால் மீட்டத் தொடங்கினார். அதுவே அவருடைய முத்திரையாகிவிட்டது. 1960இல் வந்த அவருடைய ஆல்பத்தில், ஒரே சுரத்தை மேல் நிலையிலும் கீழ் நிலையிலும் சேர்த்து மீட்டுவார். இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போலவே இருக்கும். கிதாரில் தேர்ச்சி பெறப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று உன்னிடம் யாராவது சொன்னால் வெஸ் பெயரைச் சொல்.

கடைசியாக, 1973இல் எல்லா ஃபிட்ஜெரால்டும் கிதார் கலைஞர் ஜோ பாஸும் பதிவு செய்த 'டேக் லவ் ஈசி'. ஒரு குரல், ஒரு கிதார். வேறு எதுவும் இல்லை. எல்லாவுக்கு அப்போது 56 வயது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வா. கோல்ட்ரேனும் ஹார்ட்மனும், 31 நிமிடம், ஆறு பாட்டும் அதே வரிசையில். கைப்பேசியை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வா. நண்பரையும் நான் அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.