எலும்புத் தியேட்டரில் நிற்பவர்களுக்கும் நுரையீரல் இருக்கிறது

அந்தக் குரல்பதிவை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். "எலும்பு டிபிக்கு எதற்கு என்95? அது என்ன, இருமினால் ஒட்டிக்கொள்கிற வியாதியா?" என்று கேட்டு, எலும்பு டிபி அறுவைக்குக் காற்றில் மிதக்கும் நுண்துகளையும் வடிகட்டும் என்95 மாஸ்க் வேண்டுமென்று தியேட்டர் செவிலியர்கள் நாங்கள் எழுதிக் கொடுத்த இண்டென்டை, அதாவது பொருள் கேட்புச் சீட்டை, திருப்பி அனுப்பிய குரல். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அந்தக் குரலுக்குரியவருக்கே பதில் சொல்கிறேன்.

17 ஆண்டுகளாக எலும்பு அறுவை தியேட்டரில் நிற்கிறேன். சர்ஜிக்கல் மாஸ்க் எங்களைக் காப்பதற்காக வந்ததல்ல. எங்கள் வாயிலிருந்து தெறிப்பது நோயாளியின் புண்ணில் விழாமல் இருக்கத்தான் அதைக் கட்டுகிறோம். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறதே, அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளேயும் வரத்தானே செய்யும்?

அறையின் காற்றோட்டமும் நோயாளிக்காகத்தான். வடிகட்டிய காற்று கூரையிலிருந்து மேசைமேல் இறங்கி, புண்ணைக் கடந்து, சுற்றி நிற்கும் எங்கள் பக்கம் வருகிறது. 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கென்று சுத்தக் காற்று அடைப்பும் உடல் முழுவதும் மூடும் உடையும் கொண்டுவந்ததும் எங்களிடமிருந்து நோயாளியைக் காக்கத்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நோயாளிதான் முதலில். இரண்டாவதாகவாவது நாங்கள் வரக் கூடாதா?

"எலும்பு டிபியில் கிருமி குறைவு, காற்றில் பரவாது" என்பீர்கள். மூடியிருக்கும்வரை சரி. வார்டில் அந்த நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து நானே பேசிக்கொண்டிருப்பேன். தியேட்டரில் அதை மூடியா வைத்திருக்கிறோம்? முதுகெலும்பைத் திறந்து, சீழை எடுத்து, சுழலும் பர்ரால் எலும்பைக் குடைந்து, சலைன் பீய்ச்சிக் கழுவுகிறோம். முடித்து முகத்தடுப்பைக் கழற்றினால், ரத்தத்தில் குழைந்த எலும்புத்தூள் பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது அது. தெரியாதது எங்கே போனது? அமெரிக்காவில் அர்கன்சாஸ் மருத்துவமனை ஒன்றில், இடுப்பிலும் தொடையிலும் இருந்த காசநோய்ச் சீழ்க்கட்டியைக் கழுவிக் கட்டியதில் 9 பேருக்கு நோய் தொற்றியது பற்றி 1990இலேயே கட்டுரை வந்துவிட்டது.

என்னோடு அறுவைக் கருவி ட்ராலியருகே நின்ற தோழி ஒருத்திக்கு நுரையீரல் டிபி வந்தது. தியேட்டரில்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பஸ்ஸில்கூட வந்திருக்கலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். ஆறு மாத மாத்திரை. முதல் சில வாரங்கள் பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைக்காமல், கதவுக்கு அப்பால் நின்று கதை சொல்லித் தூங்கவைத்தாள். அந்தக் கதவருகே நானும் நின்றிருக்கிறேன்.

மூச்சு முட்டும் என்கிறீர்கள். முட்டத்தான் செய்யும். நான்கு மணி நேரத்தில் மூக்குத்தண்டில் தழும்பு விழும். பொறுத்துக்கொள்கிறோம், கொடுங்கள். செலவு என்கிறீர்கள். பதில் சொல்லவே மனம் வரவில்லை. வால்வு வைத்ததை வாங்கி எங்கள் தலையில் கட்டவும் வேண்டாம். அதில் நாங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் புண்மேல் போகும். வால்வு இல்லாத, முகத்தோடு பொருந்துகிற என்95 இருவரையும் காக்கும்.

"நாங்களெல்லாம் முப்பது வருடம் சாதாரண மாஸ்க்கோடு நிற்கவில்லையா?" நின்றீர்கள். உங்களோடு நின்று நோயில் விழுந்தவர்களை யாராவது எண்ணினார்களா? 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு எங்களுக்காக ஊரே கைதட்டியது. அன்று நான் அழுதேன். அந்தக் குரல்பதிவைக் கேட்டபோதும் அழுகைதான் வந்தது.

எல்லாம் முடிந்து நாங்கள் வெளியே வந்த பிறகு, ரத்தமும் சீழும் உறிஞ்சிச் சேர்த்த சக்‌ஷன் பாட்டிலைக் கொட்டிக் கழுவி, தரையைத் துடைப்பது ஓர் அக்கா. முந்தாநாள், "எனக்கும் ஒன்று வருமா சிஸ்டர்?" என்று கேட்டார். இண்டென்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். மருத்துவர்கள், மயக்க மருந்துப் பிரிவினர், செவிலியர், டெக்னீஷியன் என்று கணக்கிட்டு எழுதியிருக்கிறோம். அவரை நாங்களும் சேர்க்கவில்லை. நாளை மறுபடி எழுதிக் கொடுக்கிறேன், அவரையும் சேர்த்து.