எம்ஸ்லாந்து முகாம்கள்: கோர்ட் தீர்ப்போடு நடந்த கொடுமை

நாஜி முகாம் என்றதும் ஆஷ்விட்ஸ் ஞாபகம் வரும். ஆனால் ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், நெதர்லாந்து எல்லையோரம், எம்ஸ்லாந்து என்ற சதுப்புநிலக் கிராமப் பகுதியில் மட்டும் 15 முகாம்கள் இருந்தன. முதல் சில, ஹிட்லர் பதவிக்கு வந்த 1933லேயே திறக்கப்பட்டவை. சதுப்பை வெட்டி வடிகால் போட்டு விளைநிலமாக்குவதுதான் கைதிகளின் வேலை. மண்வெட்டியோடு அவர்கள் போய்வந்தது ஊர்க்காரர்கள் நடமாடும் ரோட்டில்தான். அப்புறம் எப்படி, போர் முடிந்தபின் ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்ல முடியும்?

பத்திரிகையாளர் கார்ல் ஃபொன் ஒசியெட்ஸ்கியை அடைத்து வைத்தது இங்குள்ள எஸ்டர்வேகன் முகாமில். 1935இல் செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து போனவர் பார்த்தது, ஒரு கண் வீங்கி, பற்கள் உடைந்து, நடுங்கிக்கொண்டிருந்த ஆளை. அந்த ஆண்டுக்கான அமைதி நோபல் அவருக்குக் கிடைத்தது. நேரில் போய் வாங்க அரசு விடவில்லை. 1938இல் காவலில் இருந்தபடியே இறந்தார்.

சரி, போர் முடிந்தபின் கொண்டாடினார்களா? பக்கத்து ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி 1970களில் மாணவர்கள் கேட்டார்கள். பெயரைக் கட்டடத்திலேயே மாட்டினார்கள். மாநில அரசு போலீஸைக் காவலுக்கு வைத்து அந்த எழுத்துகளைக் கழற்றியது. அதிகாரபூர்வமாகப் பெயர் வந்தது 1991இல்.

நோபல் வாங்கியவருக்கே இந்த நிலை என்றால், பேர் தெரியாதவர்களைப் பற்றி என்ன சொல்ல? 1934 முதல் இந்த முகாம்கள் ஒவ்வொன்றாக நீதித்துறை அமைச்சகத்தின் கைக்குப் போயின. திருட்டு வழக்கில் சிக்கியவர்கள், ஆண்களை நேசித்த ஆண்கள், போர் தொடங்கியபின் ராணுவத்தை விட்டு ஓடியவர்கள் எல்லாரும் இங்கே வந்தார்கள். இவர்களுக்கு முறையாக நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. என்னைக் கேட்டால், அந்தத் தீர்ப்புக் காகிதம்தான் மிகப் பெரிய கொடுமை. ஹிட்லர் போனபிறகும் அது செல்லுபடியானது. பிழைத்து ஊர் திரும்பியவர் தியாகி ஆகவில்லை, தண்டனை அனுபவித்த குற்றவாளியாகவே வாழ்ந்தார். இழப்பீடு கேட்கவும் வாய் வராது. (இதே முகாம்களில் ஆயிரக்கணக்கில் செத்த சோவியத் போர்க்கைதிகளின் கதை தனி. பலருக்குக் கல்லறையில் பெயர்கூட இல்லை.)

எஸ்டர்வேகன் முகாம் நிலத்தில் இன்றைய ஜெர்மன் ராணுவம் 2000 வரை கிடங்கு வைத்திருந்தது. நினைவிடம் திறந்தது 2011இல். நடுவில், 2002இல்தான், ஓடிப்போன சிப்பாய்கள் மீதான நாஜித் தீர்ப்புகளை நாடாளுமன்றம் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. போரில் இருபது வயதில் ஓடியவர் உயிரோடு இருந்திருந்தால், அப்போது எண்பதை நெருங்கியிருப்பார்.