ஒரு பக்க நோட்டுக்கு இத்தனை பஞ்சாயத்தா?

தப்பு நடந்தால் வாயால் சொல்லிவிட்டுப் போ, எழுதி மட்டும் வைக்காதே. எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த விதி இதுதான். இந்த விதியையும் யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதினால் தேதி விழுந்துவிடுமே!

கும்பகோணத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு ஃபைனான்ஸுக்கு ஆப் செய்து கொடுக்கிறோம். நான் டெஸ்டிங். ஆப்பைத் திறந்ததும் கேமரா கேட்கும், லொகேஷன் கேட்கும், சரி, முகமும் முகவரியும் சரிபார்க்க என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து போனில் இருக்கிற அத்தனை நம்பரையும் கேட்கும். கொடுக்கவில்லை என்றால் அடுத்த பக்கமே வராது. கேட்பதும் இங்கிலீஷில். வலங்கைமான் பக்கம் நடவுக்குப் போய்விட்டு வந்து, மகன் வாங்கிக் கொடுத்த போனை நீட்டுகிற அக்கா இதில் எதைப் படித்து எதை மறுப்பார்? பக்கத்தில் நிற்கும் வசூல் தம்பி "அலவ்-னு இருக்கறத அமுக்குங்கக்கா" என்பார், அவரும் அமுக்கிவிடுவார். அந்தப் போனில் உள்ள உரக்கடைக்காரரும், விஏஓவும், திருப்பூரில் இருக்கும் தம்பி மனைவியும் எதையும் அமுக்கவில்லை, ஆனால் அவர்கள் நம்பரும் எங்கள் சர்வருக்கு வந்துவிடுகிறது.

வந்து என்ன ஆகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். "மாமா", "அண்ணி", "சம்பந்தி" என்று சேவ் செய்த பெயர்களை மட்டும் தூக்கி மேலே காட்ட ஒரு ஃபில்டர் வேண்டுமாம், வசூல் பிரிவுக்கு வசதியாக இருக்குமாம். அந்த டிக்கெட்டை, அதாவது அந்த வேலையை, டெஸ்ட் பண்ணச் சொல்லி என்னிடம்தான் வந்தது. தவணை ஒரு வாரம் தள்ளினால் சம்பந்தி வீட்டுக்குப் போன் போகும். நம்ம ஊரில் அந்த ஒரு போன் என்ன செய்யும் என்று தெரியாதவர்களா இதை யோசித்தார்கள்? தெரிந்துதானே கேட்டார்கள்! டெல்டாவில் தவணை தள்ளுவது நாணயக் குறைவும் இல்லை. மழை பிடித்தால் அறுப்பு நிற்கும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் களத்திலேயே கிடக்கும், நெல்லுக்காரர் கைக்குப் பணம் வராதவரை கூலியும் வராது.

அதனால் நோட் எழுதினேன். ஒரே பக்கம். ஆப் எதை எடுக்கிறது, எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், என்ன செய்யலாம். சும்மா மனசாட்சி பேசினால் சிரிப்பார்கள் என்று சட்டத்தையும் சேர்த்தேன். கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, 2025-ல் எல்லாவற்றையும் தொகுத்து மறுபடியும் வெளியிட்டது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் அழகு. ஒரு மருத்துவ ஆலோசனை ஆப் போன் நம்பர் பட்டியலைக் கேட்கிறது, அந்தச் சேவைக்கு அது தேவையில்லை, ஆகவே பயனாளி சரி என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சம்மதம் அதுவரை நீளாது என்று சட்டத்துக்குள்ளேயே உதாரணம் போட்டு வைத்திருக்கிறார்கள். சம்மத அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன புட்டுப் புட்டு வைப்பது?

மேனேஜர் படித்தார். "ஏம்மா, ரிசர்வ் வங்கி விதி கிளையண்ட்டுக்கு, நமக்கு எதுக்கு?" என்றார். கிளையண்ட் தன் ஆப்பைச் செய்து நடத்துகிறவர்களும் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும் சார், நாளைக்கு மாட்டினால் அவர்கள் கை காட்டுவது நம்மைத்தான் என்றேன். "அந்தத் தரவுச் சட்டத்துக்கு டைம் இருக்குல்ல" என்றார். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். திருந்திக்கொள்ளக் கொடுத்த அவகாசத்தை, அதுவரை அள்ளிக்கொள்ளலாம் என்று படிக்கிற மூளையை என்ன சொல்ல?

அப்புறம் ஆரம்பித்தது திருத்தம். "மீறல்" வேண்டாம், "மேம்படுத்த வாய்ப்பு" என்று போடு. சம்பந்தி பத்தியை எடு, உணர்ச்சிவசப்பட்ட மாதிரி இருக்கு. முதல் வரியில் டீமுக்கு நன்றி சொல்லு. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் நோட்டில் ஒரு பல் பிடுங்கப்பட்டிருந்தது. கடைசியில் சொன்னார் பாருங்கள், "இதை அப்படியே ஏஐ-ல போட்டு மரியாதையா மாத்திக் கொடும்மா" என்று. நோட்டோடு இணைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டில் நிஜ வாடிக்கையாளர்களின் பெயரும் நம்பரும் இருக்கிறது சார்! அதை இன்னொருத்தன் சர்வரில் ஏற்றித்தான் தனியுரிமை பற்றிய நோட்டைப் பாலிஷ் போட வேண்டுமா?

இன்ஜினியரிங்கில் எதிக்ஸ் என்று ஒரு பேப்பர் உண்டு, பலரும் முந்தின ராத்திரி படித்து எழுதியதுதான். அதில் சேலஞ்சர் விண்கலக் கதை வரும். ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் தாங்காது, உயிர் போகும் என்று ரோஜர் போஜலே என்ற இன்ஜினியர் 1985 ஜூலையில் தன் மேலதிகாரிக்குச் சுற்றி வளைக்காமல் எழுதினார். 1986 ஜனவரியில் விண்கலம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். அவர் எழுதிய தாள் இருந்ததால்தான் முன்பே தெரியும் என்பதை யாராலும் மறைக்க முடியவில்லை. எங்கள் மேனேஜர் கையில் அந்தத் தாள் கிடைத்திருந்தால் "வளையத்தை மேம்படுத்த வாய்ப்பு" என்று ஆகியிருக்கும். எச்ஆர் மேடமும் இதே ரகம்தான், "உங்க அப்ரைசல் நேரத்துல எதுக்கு இதெல்லாம்" என்று அன்பாகக் கேட்டார். அந்த அன்பு புரிகிறது மேடம், நன்றாகவே புரிகிறது.

பழைய நோட்டையே, சம்பந்தி பத்தியோடு, ஸ்க்ரீன்ஷாட்டில் பெயர்களை மறைத்துவிட்டு, திங்கட்கிழமை மெயிலில் அனுப்பப் போகிறேன். கிளையண்ட்டின் குறைதீர் அலுவலருக்கும் ஒரு நகல் போடலாம் என்று ஆப்பில் அவர் விவரத்தைத் தேடினேன். அதை ஆப்பில் காட்ட வேண்டும் என்பதும் விதிதான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "டெஸ்ட் டெஸ்ட்" என்று இருக்கிறது, நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் பத்து ஒன்பதுகள். சரி, அதையும் நோட்டில் சேர்த்துவிட்டேன்.